ஓரத்தில் எழுதிய நேரம்

மேடைக்கு வலது பக்கம், குழல்விளக்கின் வெளிச்சம் மடியில் விழுகிற இடமாகப் பார்த்து, ஒரு மடக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். முப்பது வருடத்துக்கு அதுதான் என் அலுவலகம். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் அந்த நாற்காலி எனக்கு உண்டு. அவர்கள் திட்டப்போவது அரசாங்கத்தை, அதை எழுதி அரசாங்கத்துக்கே அனுப்பப்போவது நான். ஆனாலும் கூட்டம் நடத்துகிறவர்களே நாற்காலி போட்டு, பாதிப் பேச்சில் சோடாவும் உடைத்துக் கொடுப்பார்கள். சில பேச்சாளர்கள் மைக்கிலேயே என்னைக் கூப்பிட்டு, "ஏட்டையா, இதுக்கு ரெண்டு கொக்கி சேத்துப் போட்டுக்கிடுங்க" என்று கிண்டல் செய்ததும் உண்டு. கூட்டம் சிரிக்கும். நான் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுதிக்கொள்வேன்.

போலீஸ் தனிப்பிரிவில் சுருக்கெழுத்தராக இருந்தவன் நான். பெயர் இருதயராஜ். சீருடை கிடையாது, வேட்டி சட்டைதான். ஆனாலும் கோவில்பட்டி வட்டாரத்தில் என்னைத் தெரியாத அரசியல்வாதி இருக்க முடியாது.

போன மாதம் அதே பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உதவி ஆய்வாளர் என்னைப் பார்க்க வந்தார். இப்போதெல்லாம் கைபேசியை மேடையோரம் வைத்துவிட்டால் போதுமாம், பேச்சு முழுவதும் பதிவாகிவிடுகிறதாம். அதுவே எழுத்தாக்கியும் கொடுத்துவிடுமாம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எந்த வார்த்தை எத்தனை மணிக்குப் பேசப்பட்டது என்று அது சொல்லுமா? ஒவ்வொரு நொடிக்கும் சொல்லும் என்றார். ஒவ்வொரு நொடிக்குமா என்று மறுபடியும் கேட்டேன். ஏன் என்று அவர் துருவித் துருவிக் கேட்டதில் ஒரு பழைய கதையைச் சொன்னேன். எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதில் வருகிறவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கெழுதப் போயிருக்க வேண்டியவன், தட்டச்சுப் பள்ளிக்கூடத்து மாடியில் சுருக்கெழுத்தும் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மெல்லிய கோடு, அழுத்தமான கோடு, கொக்கி, புள்ளி. ஒன்றரை வருடத்தில் நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை வந்தது. போலீஸில் ஆள் எடுத்தார்கள், போனேன்.

வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டவைதான் முக்கியம். பேனா கூடாது, பென்சில்தான். அதுவும் நாலு பென்சில், இரண்டு முனையும் சீவியது. மழை வந்தால் பென்சில் கோடு கரையாது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும்போது இடது ஓரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட வேண்டும். கைதட்டல், கூச்சல், ஒலிபெருக்கி கெட்டுப்போனது, எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், கூட்டத்தில் கண்ட தெரிந்த முகங்களின் பட்டியல். மறுநாள் மதியத்துக்குள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து கொடுத்துவிட வேண்டும். தட்டச்சுப் பிரதியில் பேச்சு மட்டும்தான் போகும். ஓரத்து நேரமும் முகங்களின் பட்டியலும் நோட்டோடு நின்றுவிடும். நோட்டைக் கட்டிவைத்து, பத்து வருடம் கழித்து எரித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேகமாக எழுதுகிறவனுக்குக் காது கேட்கும், மனசு கேட்காது. பேச்சாளர் கண்ணீர்விட்டு அழுதாலும் எனக்கு அது கோடும் கொக்கியும்தான். கூட்டம் முடிந்து, "இன்னைக்கு என்ன பேசுனாரு?" என்று யாராவது கேட்டால் நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது உண்டு. இதைப் பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் எங்கள் இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் என்னைக் கூப்பிட்டார். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் முடியாது. மேசை டிராயரில் எப்போதும் கடலைமிட்டாய் வைத்திருப்பார். ஒரு துண்டை எடுத்து நீட்டினால், ஏதோ சிக்கலான வேலை தலையில் விழப்போகிறது என்று அர்த்தம். வாங்கி வாயில் போட்டு மென்று முடிக்கும்வரை விஷயத்துக்கு வரமாட்டார். கத்த மாட்டார். நமக்குத் தகவல் கொடுக்கிறவர்களை எல்லோரும் உளவாளி, ஆள்காட்டி என்றெல்லாம் சொல்லும்போது, அவர் மட்டும் 'விருந்தாளி' என்பார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலமாக ஒரு பென்சில் வைத்திருப்பார். நீலக்கோடு போட்டால் திருத்து, சிவப்புக்கோடு போட்டால் எடுத்துவிடு.

அன்றைக்குக் கடலைமிட்டாயோடு ஒரு புத்தகத்தையும் நீட்டினார். 'கிட்டங்கி' என்று ஒரு நாவல், முந்நூறு பக்கத்துக்கு மேல். எழுதியவர் தவசி, குளத்தூர்க்காரர். வாசித்து, ஆறு கேள்விகள் கொண்ட படிவத்தில் அறிக்கை தர வேண்டும். வன்முறையைத் தூண்டுகிறதா, அரசை இழிவு செய்கிறதா, உயிரோடு இருப்பவர்களைச் சுட்டுகிறதா, ஆசிரியருக்குத் தகவல் கிடைத்த வழி என்ன, இப்படிப் போகும் அந்தப் படிவம். நாவல் வாசிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்த அரசாங்கம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தவசியை எனக்குத் தெரியும். எழுபதுகளின் முற்பகுதியில், கரிசல் கிராமங்களில் பருத்தி எடுக்கிறவர்களின் கூலிக்காக அவர் கட்சி ஒரு போராட்டம் நடத்தியது. 'கடைசிவரை நில்லுங்கள், கட்சி இருக்கிறது' என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள், நானே எழுதியிருக்கிறேன். அந்தப் போராட்டத்தில் ஒரு பெரிய பண்ணையாரின் பருத்திக் கிடங்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் கிட்டங்கி, தீப்பிடித்து எரிந்தது. தவசியும் பால்ராஜ் என்ற அவர் சிநேகிதரும் தலைமறைவானார்கள். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. பண்ணையார் இருந்த கூட்டணியோடு இவர்கள் கட்சி தொகுதிப் பங்கீடு பேசிக்கொண்டிருந்தது. சில வாரம் கழித்து இருவரும் குளத்தூருக்குக் கிழக்கே ஓர் உப்பளக் கொட்டகையில் பிடிபட்டார்கள். பால்ராஜ் சிறையிலேயே நெஞ்சுச்சளி முற்றி இறந்துபோனார். தவசி தண்டனை முடிந்து வந்து இந்த நாவலை எழுதினார்.

வாசிக்க உட்கார்ந்தேன், எழ மனம் வரவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், நான் முழுதாக வாசித்த முதல் நாவல் அதுதான். அந்த மனிதர் பொய் கலக்காமல் எழுதியிருந்தார். பிடிபட்ட நாளைப் பற்றி மட்டும் ஓர் அத்தியாயம். மதியம் அவர்களுக்குச் சோறு கொடுத்துவிட்டு, "ராத்திரிக்கு வண்டியோட வாரேன்" என்று சொல்லிப் போன தோழர் திரும்பவே இல்லை. பிற்பகலில் கோடைமழை கொட்டுகிறது. பொழுதடைந்தபின் தூரத்தில் ஒரு ஜீப் உறுமுகிற சத்தம். பிடிக்க வந்த ஜீப் கரிசல் சேற்றில் அச்சுவரை புதைந்துகிடக்கிறது. ஏதோ உப்பு லாரி என்று நினைத்து இருவரும் படுத்துக்கொள்கிறார்கள். விடிகிற நேரத்தில் போலீஸ் நடந்தே வந்து சேர்கிறது. 'நேற்று மத்தியானம் மூன்று மணிக்கே உங்களைத் தூக்கியிருப்போம், இந்த மண்ணு கெடுத்துருச்சு' என்று ஒரு காவலர் சலித்துக்கொள்வது வரைக்கும் எழுதியிருந்தார்.

திரும்பி வராத அந்தத் தோழருக்கு நாவலில் குமரேசன் என்று பெயர். வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். காட்டிக்கொடுத்தவர் அவர்தான் என்று நாவல் முடிகிறது. அன்று மாலை எங்கே போனாய் என்ற கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்வதில்லை.

கோவில்பட்டியில் அந்தக் குமரேசன் யாரென்று யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ரயில்வே நிலையம் போகும் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த பரமசிவம் அண்ணாச்சி. அவர் கடை பெஞ்சில்தான் தீப்பெட்டித் தொழிலாளர்கள் காலையில் உட்கார்ந்து கட்சிப் பத்திரிகை வாசிப்பார்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க நாலு பேர் கேட்பார்கள். நாவல் வந்த மூன்றாம் வாரம் அந்தப் பெஞ்ச் காலியாகிவிட்டது. பத்திரிகையை எதிர்த்த டீக்கடைக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைச் சுவரில் யாரோ கரியால் 'குமரேசன்' என்று எழுதினார்கள். அவர் அழிக்கவில்லை. அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் பழைய கட்சிக் குடும்பம், அதுவும் நின்றுபோனது.

இதெல்லாம் என் வேலைக்குச் சம்பந்தமில்லாதவை. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால் என் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் அந்த அத்தியாயத்தின் நடுவில் ஒரு வரி என்னைத் தைத்தது. 'மழை கொட்டிய அதே நாள் மாலை கயத்தாற்றில் கட்சியின் பொதுக்கூட்டம். செயலாளர் எங்களைக் கைவிட்டுப் பேசினார் என்று பின்னால் அறிந்தோம். பிடிபட்டபின் கட்சிக்கு வேறு வழியில்லை என்று மன்னித்தோம்' என்று எழுதியிருந்தார்.

கயத்தாற்றுக் கூட்டத்தை எழுதியவன் நான்.

பிடிபட்டபின் பேசினார் என்றால் சரிதான். ஆனால் பிடிபட்டது விடியற்காலை என்கிறார். கூட்டம் அதற்கு முந்தின மாலை என்கிறார். இரண்டில் ஒன்றைத் தவசி மறந்து எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். திருத்திவிடலாம் என்ற வாத்தியார் புத்தியோடு பழைய கட்டுகளைத் தேடிப்போனேன். அந்த வருடத்துக் கட்டு மேலாகவே கிடந்தது. பத்து வருடம் முடியப்போவதால் வெள்ளிக்கிழமை எரிப்பதற்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

என் கையெழுத்தை நானே வாசித்தேன். செயலாளர் பேச ஆரம்பித்தது ஆறு ஐம்பதுக்கு. விலைவாசி, கூலி, தேர்தல். ஏழேகாலுக்குப் பக்கத்துக் கடை ரேடியோவில் செய்தி தொடங்கியதால் இரண்டு வாக்கியம் கேட்கவில்லை என்று அடைப்புக்குறிக்குள் குறித்திருந்தேன். அடுத்த பக்கம் புரட்டியபோது ஓரத்தில் ஏழு இருபது. அந்தப் பக்கத்தின் மூன்றாவது வரி: 'நேற்றுவரை நம்மோடு திரிந்த இரண்டு பேர் இன்று குளத்தூர்ப் பக்கம் பிடிபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் கட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' அதன் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: கைதட்டல் இல்லை.

ஏழு இருபதுக்கு அவர்கள் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் சேற்றில் கிடந்தது. பிடிக்கப் போன போலீஸுக்கே இன்னும் கிடைக்காத ஆட்கள், அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கயத்தாற்று மேடையில் எப்படிப் பிடிபட்டார்கள்? மூன்று மணிக்குத் தூக்கிவிடுவார்கள் என்று செயலாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் உண்டு. குளத்தூர்ப் பக்கம் மழை பெய்தது கயத்தாற்றில் இருந்தவருக்குத் தெரியாது.

அந்த வாக்கியத்தை என் காதால் கேட்டு என் கையால் எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் பிடிபட்ட செய்தி அலுவலகத்துக்கு வந்துவிட்டது, அதன்பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். 'பிடிபட்டிருக்கிறார்கள்' என்ற சொல்லில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கேட்ட ஜனங்களும் அப்படித்தான், மறுநாள் செய்தியோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். பத்து வருடமாக அந்த நேரம் ஓரத்தில் சும்மா இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். தெரிந்த முகங்களின் பட்டியலில் ஏழாவது பெயர்: 'பரமசிவம், சைக்கிள் கடை, கோவில்பட்டி. மேடைக்கு இடப்புறம் நின்றார்.'

அன்று மாலை எங்கே போனாய் என்ற கேள்விக்குப் பதிலும் என்னிடமே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை என் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றை நானே பிடுங்கிவிட்டு அவர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பரமசிவம் அண்ணாச்சி நெட்டையான ஆள். பேச்சு குறைவு. டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "ஓட்டை இல்லியே ஏட்டையா. என்ன கேக்க வந்தீங்க?" என்றார். நான் பூசி மெழுகாமல் கேட்டேன், அன்றைக்கு ஏன் கயத்தாற்றுக்குப் போனீர்கள் என்று.

தண்ணீரிலிருந்து கையை எடுத்து உதறினார். பிறகு மெதுவாகச் சொன்னார். பையன்களைக் கடலோரமாக வேறிடத்துக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று முந்தின நாள் செயலாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார். எங்கே இருக்கிறார்கள் என்று செயலாளர் கேட்டார், இவர் சொன்னார். நாளைக்குக் கயத்தாற்றுக் கூட்டத்துக்கு வா, முடிந்ததும் வண்டி தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அங்கே போய் நின்றபோதுதான் மேடையிலிருந்து அந்த வாக்கியம் விழுந்தது. பிடித்துவிட்டார்கள் என்று செயலாளரே சொல்கிறார், இனி எங்கே போவது என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"கட்சிட்ட சொல்லுததுக்குப் பேரு காட்டிக்கொடுக்கிறதா, ஏட்டையா?" என்றார். அவரே தொடர்ந்தார். "அது போகட்டும். வெளுக்கையிலதான் பிடிச்சாங்கன்னு மறுநாள் கேள்விப்பட்டேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. கடை நெறைய சைக்கிள் வச்சிருக்கேன். கூட்டம் முடிஞ்சி மிதிச்சிருந்தா ரெண்டு மூணு மணிக்குப் போய் எழுப்பிவிட்டுருப்பேன். மேடையில அவிய சொன்ன வார்த்தைய நம்பி வீட்ல போய்ப் படுத்துக் கெடந்துட்டேன்."

இதைத் தவசியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவன் கட்சிய விட்டுருவான். அத்தன வருசம் உள்ள கெடந்தவனுக்கு அது ஒண்ணுதான் மிச்சம். என்னையத்தானே ஏசுதான், ஏசிட்டுப் போறான்" என்றார். டியூபை உள்ளே தள்ளி, டயரை மாட்டி, காற்றடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

எனக்கு அவர் மேல் கோபமாகக்கூட வந்தது. மகள் கல்யாணம் நின்ற பிறகும் கட்சியின் மானத்தைத் தன் முதுகில் சுமக்கிற மனிதரை என்ன செய்வது? அதைவிட என் மேல் வந்தது. அந்த வாக்கியத்தை எழுதிய அன்றைக்கே என் மனசும் கேட்டிருந்தால், பிடிபட்ட செய்தி வந்த காலையிலேயே எனக்கு உறைத்திருக்கும். பால்ராஜ் உயிரோடு இருந்தபோதே உண்மை அவருக்குப் போயிருக்கலாம்.

இன்ஸ்பெக்டரிடம் போனேன். படிவத்தில் 'உயிரோடு இருப்பவர்களைச் சுட்டுகிறதா?' என்ற கேள்விக்கு 'சுட்டுகிறது, தவறாக' என்று எழுதியிருந்தேன். அவர் 'தவறாக' என்ற சொல்லின் மேல் சிவப்புக்கோடு போட்டார். "நாம விமர்சகர் இல்ல, இருதயம்" என்றார். அப்போது நோட்டைப் பிரித்துவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மிட்டாய் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வழக்கின் காலத்தில் அவர் வேறு ஊரில் இருந்தவர். அன்றைய விருந்தாளி யாரென்று எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன் என்றார். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் போதும் என்றேன்.

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே யோசித்தார். "மைக்குல பேசுனது ரகசியம் இல்ல. ஊரே கேட்டது. ஆனா நோட்டு ரகசியம். வெளியே போகக்கூடாது." அப்புறம் நாட்காட்டியைப் பார்த்தார். "இன்னைக்குப் புதன். வெள்ளிக்கிழம கட்டு எரிக்கையில எண்ணிப் பாப்பேன். ஒண்ணு குறையக் கூடாது." டிராயரைத் திறந்து கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார். நாளை எனக்கு விடுப்பு வேண்டுமா என்று அவராகவே கேட்டார்.

வியாழக்கிழமை நோட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு குளத்தூர் பஸ் ஏறினேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்த முதல் திருட்டு. பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் பையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும், இன்ஸ்பெக்டரும் காப்பாற்ற முடியாது.

தவசி தன் அக்காள் வீட்டில் இருந்தார். முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, அவர் நிழலில் உட்கார்ந்து யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நாவலுக்குத் தடையா? ஓலை கொண்டுவந்தீங்களா?" என்றார். மரியாதைதான், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. நாவலை வாசித்தேன், அதில் ஒரு நேரம் இடிக்கிறது என்று நின்றுகொண்டே சொன்னேன். எழுதுகிறவர்களுக்கே உள்ள ரோசம் அவர் முகத்தில் வந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அவருக்கு அது வெறும் கோடும் கொக்கியும். நான் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்துக் காட்டினேன். ரேடியோச் செய்தியை, கைதட்டல் இல்லை என்பதை, பட்டியலில் ஏழாவது பெயரை. நான் இட்டுக்கட்டுகிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம், போலீஸ்காரன் சொல்வதை அவர் எதற்காக நம்ப வேண்டும்? ஆனால் அந்தப் பக்கத்தில் அவரால் தானாக வாசிக்க முடிந்தது ஒன்று இருந்தது. இடது ஓரத்தில் எண்ணில் எழுதியிருந்த நேரம். விரலை அதில் வைத்தார். 7.20. முந்தின பக்கத்தைப் புரட்டினார், 7.13. அடுத்த பக்கம், 7.27. மறுபடியும் பின்னால் வந்தார்.

"ஒங்க கடிகாரம் ஓடுச்சா?" என்றார். ஓடியது என்றேன்.

"நாங்க அப்ப வெல்லம் தின்னுக்கிட்டு இருந்தோம்" என்றார். "பால்ராஜு ஒரு துண்டு வெல்லத்த ரெண்டாக் கடிச்சி எனக்குக் குடுத்தான்."

பரமசிவம் சொன்னதையெல்லாம் சொன்னேன். கட்சியை விட்டுவிடுவான் என்பதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்றதையும் சொன்னேன். அவர் எழுந்து போய் மிளகாய் வற்றலைக் காலால் கிளறிவிட்டார். திரும்பி வந்தார். மறுபடியும் போய்க் கிளறினார். பொங்கி அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கடைசியில் சொன்னார்: "பால்ராஜு சாகையிலகூட பரமசிவத்த ஏசிட்டுத்தான் செத்தான், ஏட்டையா. அவனுக்கு இனி யாரு போய்ச் சொல்லுவா?"

நோட்டை மூடிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கே கோவில்பட்டிக்கு வந்து அண்ணாச்சியைப் பாருங்கள் என்றேன். அவர் தலையாட்டினார், வரமாட்டேன் என்று. "அச்சுல ஏத்தி ஊரெல்லாம் வித்தாச்சு. வெறுங்கையோட போயி அவர் முன்ன நின்னா அது ஞாயமில்ல. அச்சுலயே மாத்திட்டு வாரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கட்டுகளை எரித்தார்கள். இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை. என் நோட்டு எரிகிறபோது அவர் பக்கத்தில்தான் நின்றார்.

ஒன்றரை வருடம் கழித்து 'கிட்டங்கி' மறுபதிப்பு வந்தது. பாதிக்கு மேல் புதிதாக எழுதியிருந்தார். குமரேசன் இதில் மேடைக்கு இடப்புறம் நிற்கிறார். செயலாளர் ஏழு இருபதுக்குப் பேசுகிறார். பேர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தவசியைக் கட்சி நீக்கியது, அவதூறு என்று அறிக்கை விட்டது. செயலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அதற்குள் மேலே மேலே போய்விட்டிருந்தார். ஆனால் புத்தகம் விற்றது. தீப்பெட்டி ஆபீஸ்களில் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தார்கள்.

மறுபதிப்புக்கும் அறிக்கை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் மிட்டாய் கொடுத்தார். உயிரோடு இருப்பவர்களைச் சுட்டுகிறதா? சுட்டுகிறது. ஆசிரியருக்குத் தகவல் கிடைத்த வழி? 'தெரியவில்லை' என்று எழுதினேன். என் பணிக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரே பொய் அது. இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிவப்பு முனையையும் தொடவில்லை, நீல முனையையும் தொடவில்லை.

புத்தகம் வந்த வாரமே தவசி கோவில்பட்டிக்கு வந்தார். எதிர்த்த டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். தற்செயல் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலு நாளாக அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வந்திருக்க வேண்டியவர், எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடை முன்னால் நிறுத்தினார். கேரியரில் செய்தித்தாள் சுற்றிய புத்தகம் இருந்தது. பரமசிவம் அண்ணாச்சி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அப்புறம் அண்ணாச்சி அந்தக் காலிப் பெஞ்சைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டார்.

தவசி உட்கார்ந்தார். அண்ணாச்சியும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.

எத்தனை ஆயிரம் பேச்சை எழுதியிருப்பேன். ஒவ்வொரு வார்த்தையும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது அந்த ஒரு பேச்சுக்குத்தான். நடுவில் சாலை. லாரிகள் போகின்றன, டவுன் பஸ் போகிறது, டீக்கடையில் பாட்டு ஓடுகிறது. தவசியின் உதடு அசைவது தெரிந்தது. அண்ணாச்சி ஏதோ கேட்டார், தவசி பதில் சொன்னார். அதன்பிறகு அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

நேரம் மட்டும் தெரியும். காலை பதினொன்று நாற்பது.